விழாத எட்டாம் அடி

1

சென்ற வசந்தத்தில், நான் வசிக்கும் நோர்வேயின் பேர்கன் நகரில், எங்கள் பகுதிப் பாடசாலையின் வாத்தியக் குழுவினர் நடத்திய பழம்பொருள் சந்தையில் ஒரு கொக்கைக் கண்டேன். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரத்தின் கூரைமுகட்டில் அது ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் நீர், தொலைவில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது. அது ஒரு பழைய இசைத்தட்டின் உறை. போர்க்காலத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வெல்லாவெளியில் நாங்கள் 'கொக்குக் கசெட்' என்று அழைத்த அதே இசைத்தொகுப்பு. கசெட்டின் அட்டையில் கட்டைவிரல் அளவில் மட்டும் பார்த்திருந்த கொக்கு, இங்கு ஒரு தாம்பாளத்தின் அளவில் நின்று, நீ இன்னும் இருக்கிறாயா என்பது போல என்னைப் பார்த்தது.

என் மனைவி மனோன்மணி அப்போது திரைச்சீலைகளின் பக்கம் நின்றிருந்தார். அவர் திரும்புவதற்குள் அதை வாங்கி மழைச்சட்டையினுள் வைத்துக்கொண்டேன். விற்ற பெண்மணிக்கு என் வழக்கப்படி முழு வாக்கியத்தில் நன்றி கூறினேன். அவர் சிரித்து, எங்கள் அரசர் புதுவருட உரையில் பேசுவதைப் போலப் பேசுகிறீர்கள் என்றார். நோர்வேஜிய மொழியை நான் நடுவயதில், இலக்கண நூலிலிருந்து கற்றவன். ஆகவே அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது மகள் கயல்விழி, "அப்பா, அது பாராட்டு இல்ல" என்றாள். எது பாராட்டு, எது பகிடி என்பதைப் பிரித்தறிவதில் அவள் இந்நாட்டுக்காரி. நான் இன்னும் வந்து இறங்கியவன்தான்.

இசைத்தட்டை அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளின் பின்னால் ஒளித்தேன். வீட்டில் எதையும் ஒளித்து வாழ்ந்தவன் அல்லன் நான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் மீது நிலைத்திருக்கும் ஒரு குற்றச்சாட்டுக்கு அந்த இசைத்தட்டே ஒரே சாட்சி. அது என் பக்கம் பேசுமா, எதிர்ப்பக்கம் பேசுமா என்று எனக்குத் தெரியாது. இக்காலத்தில் எதையும் கைத்தொலைபேசியில் தேடிக் கேட்கலாமே என்று இளையோர் வினவக்கூடும். கேட்கலாம். கேட்டு, வழக்குத் தோற்றால் என்ன செய்வது?

குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வாசகரிற் சிலர் அதைத் தேடிக் கேட்டுவிட்டு, மாஸ்டர் இதையா கேட்டுக்கொண்டிருந்தார் என்று என் ரசனையை ஐயுறுவர். நான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் கற்று, அங்கேயே கற்பித்து, அதன் விளையாட்டுப் போட்டிகளில் ஆண்டுதோறும் அணிநடைக்குத் தாளம் கொடுத்தவன். இந்தக் கடைசித் தகவலை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு அதைத்தான் தொட்டது.

2

தொண்ணூறாம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது நாங்கள் நகரத்தை விட்டு, வெல்லாவெளியில் இருந்த மனைவியின் தாய்வீட்டுக்குப் போனோம். அதே நாட்களில் மனைவியின் தம்பி குலேந்திரன் கொழும்பிலிருந்து சிறு விடுமுறையில் வந்து சேர்ந்தார். அங்கு வானொலி திருத்தும் கடையொன்றில் அவருக்கு வேலை. வந்த கையோடு வீதி மூடப்பட்டது. தோள்பையில் உடுக்க ஒரு சாரமும், சவரப் பெட்டியும், புறப்படும் வழியில் வாங்கி இன்னும் ஒருமுறையேனும் கேட்டிராத ஒரு கசெட்டும் இருந்தன. "வேலையும் அங்க, உடுப்பும் அங்க. கொக்கு மட்டும் வந்திரிக்கு அக்கா" என்றார் அவர்.

வந்த கொக்கைப் பாடவைக்க வழி இருக்கவில்லை. மின்சாரம் இல்லை. வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். அந்தப் பாதையில் ஏறுமுன் சோதனைச் சாவடியில் பற்றரிகளைப் பறித்துக்கொள்வார்கள். குலேந்திரன் என் சைக்கிளைக் கவிழ்த்து, இருக்கையிலும் கைப்பிடியிலும் நிற்கவைத்து, பின்சில்லோடு உராயும் டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்குக் கம்பி இழுத்தார். பெடலைக் கையால் சுற்றினால் பெட்டி பேசும். சுற்றும் பணி என்னிடம் வந்தது. கம்பி குலேந்திரனின் துறை. மற்ற ஆண்கள் பகல் முழுதும் வட்டையில், அதாவது வயல்வெளியில், நின்றுவிட்டு வருபவர்கள். கல்லூரி மூடிக் கிடந்த ஆசிரியனின் கை ஒன்றே அவ்வூரில் களைப்பின்றி இருந்தது.

மாலைச் செய்திக்காகத்தான் அயலவர்கள் கூடுவார்கள். செய்தியைச் சுற்றுவது கௌரவமான வேலை. கை சற்றே வேகம் குறைந்தாலும் செய்தி வாசிப்பவரின் குரலில் மாற்றம் இராது. நான் எப்படிச் சுற்றினும் அரசாங்கம் சொன்னதையே சொல்லும். கசெட் அப்படியன்று. சுற்றுபவனின் கை மேலும் கீழும் போனால் பாட்டும் மேலும் கீழும் போகும். செய்தி முடிந்ததும் குலேந்திரன் கொக்கைப் போடுவார். எவரும் எழுந்து போகவில்லை.

அந்த இசையின் வகையைப் பின்னாளில்தான் அறிந்தேன். மேல்நாட்டார் அதனைப் புரோகிரசிவ் றொக் என்று அழைப்பர். சாதாரணப் பாட்டு நாலு நிமிடத்தில் முடிவது. இதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பல்லவிக்குத் திரும்பும் வழக்கம் இல்லை. ஓர்கன் ஒரு தேவாலயம் போல எழும்பும், புல்லாங்குழல் வரும், முரசுகள் அதைக் கலைத்து வேறொரு கதியில் புகும், நாடாவில் பதிந்துவைத்த வயலின்களை விசைப்பலகையால் மீட்டும் ஒரு கருவி, மூடுபனி போல எல்லாவற்றின் மேலும் படரும். இலண்டனில் இதைக் கேட்டவர்களுக்கு இதன் நீளம் புதுமையாக இருந்திருக்கலாம். வெல்லாவெளியார் விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்கள். ஒரு பாட்டு அரைமணி நேரம் நீள்வதில் அவர்களுக்கு ஒரு வியப்பும் இருக்கவில்லை. அவர்கள் அறிய விரும்பியது வேறு.

"தம்பி, இப்ப வாறது ஆரு?" என்று அடுத்த வளவுத் தங்கம்மாக்கா கேட்டார். அவர் ஊரில் நடந்த எந்தக் கூத்தையும் தவறவிட்டதில்லை.

"புல்லாங்குழல், அக்கா."

"அது கேக்குது. ஆருட வரவு எண்டு கேக்கன்."

குலேந்திரன் சிறிது யோசித்தார். "ராசகுமாரி."

"அப்பிடிச் சொல்லு. அப்ப மறுகா இடிச்சிற்று வாறவன்?"

"அரக்கன்."

"அவன்ட ஆட்டத்துக்கு மத்தளம் காணாது" என்றார் தங்கம்மாக்கா.

இவ்வாறு சில வாரங்களில் அந்த ஆங்கிலப் பாட்டு முழுமையான ஒரு கூத்தாயிற்று. தொடக்க மணியோசை கட்டியகாரன். ஓர்கன் ராசா. கடைசியில் ஓர்கன் மட்டும் தனித்து நின்று, மெல்ல மெல்லத் தடித்து, தாழ்ந்து, இழுபட்டு, ஒரு நீண்ட மூச்சோடு அடங்கும். அப்போது முற்றத்தில் பலர் மூக்கை உறிஞ்சுவார்கள். "ராசா போயிற்றார்" என்று தங்கம்மாக்கா சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைப்பார். அந்த இறக்கத்தை அமைத்தவன் பெரும் மேதை என்று நான் அப்போதே கூறியிருக்கிறேன். அவ்விடம் வரும்போது என் தோள் மரத்துப் போயிருக்கும். எனினும் அதைக் கேட்பதற்காகவே நான் பெடலை விடவில்லை. சில நாட்களில் ஹெலிக்கொப்டர் ஓசை கேட்டுக் கையை எடுத்துவிடுவேன். அன்றைக்கு ராசா சாகாமலே எல்லோரும் வீடுகளுக்குள் ஓடுவோம்.

3

குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடம், ராசகுமாரியின் வரவு முடிந்து அரக்கன் புகும் இடம். குலேந்திரன் தொடையில் தட்டி எண்ணுவார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று ஏழுவரை செல்வார். எட்டாம் அடிக்குக் கையை உயர்த்தும்போது அடுத்த ஒன்று விழுந்திருக்கும். உயர்த்திய கை காற்றில் நிற்கும்.

"அத்தான், எட்டாமடியத் திண்டிட்டீங்க."

"நான் ஒண்டையும் தின்னல்ல."

"அப்ப அது எங்க போச்சு?"

"மச்சான், உங்கட கசெட்டக் கேளுங்க."

"கசெட் கொழும்பில கடையில வாங்கினது. பிழை விடாது. கைதான் சறுக்குது."

இது நகைச்சுவையாகத் தொடங்கியது. ஆயினும் அணிநடைக்குத் தாளம் கொடுப்பவனுக்கு இதில் நகைக்க என்ன இருக்கிறது? மறுநாள் மனத்துள் எண்ணிக்கொண்டே சுற்றினேன். எட்டாமடி விழவில்லை. இடக்கையால் சுற்றினேன், விழவில்லை. நான் பரிசோதனை கோரினேன். தங்கம்மாக்கா பெடலைப் பிடித்தார். அவர் சுற்றியபோதும் எட்டாமடி விழவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். குலேந்திரனுக்கு ஒரு கணமும் தடுமாற்றம் இல்லை. "அக்கா உங்களப் பாத்துப் பழகினவ. உங்கட கைதான் அவவுக்கும்" என்றார்.

"அப்ப நீங்க சுத்துங்க" என்றேன்.

அவர் சுற்றினார். முற்றம் முழுதும் காத்திருந்தது. ஏழு முடிந்தது; ஒன்று வந்தது. இனித் தப்ப முடியாது என்று எண்ணினேன். குலேந்திரன் பெடலை விட்டுவிட்டு, கசெட்டை வெளியே எடுத்து, மாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாடா அத்தான்ட கைக்குப் பழகிப் போச்சு" என்றார். "இனி ஆர் சுத்தினாலும் அது அப்பிடித்தான் பாடும்."

அதை அவ்வூர் ஏற்றுக்கொண்டது. காரணம் உண்டு. களத்தில் கதிர் மிதித்துச் சூடடிக்கும் மாட்டை முதல் நாளில் பிழையான பக்கம் சுற்ற விட்டால், பிறகு எவர் கயிறு பிடித்தாலும் அது அந்தப் பக்கமே சுற்றும் என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் கண்டிருந்தார்கள். மாடு பழகும் என்றால் நாடா ஏன் பழகாது? நானும், ஒரு கல்லூரி ஆசிரியன், மீண்டும் பெடலைப் பிடித்தேன்.

கல்லூரி மீண்டும் திறந்து நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, பாதையில் கயிறு பிடித்தவர், "எட்டாமடி மாஸ்டர், பாத்து ஏறுங்க" என்றார். அந்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் ஒரு மாணவனும் கால் மாறவில்லை. எனினும் என் கை உயர்ந்தபோது மேடையில் இருந்த அதிபர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டதை நான் கண்டேன்.

4

பின்னர் குலேந்திரன் இலண்டனுக்குப் போனார். நாங்கள், கயல்விழி கைக்குழந்தையாக இருக்கும்போது, இந்நாட்டுக்கு வந்தோம். என் சான்றிதழ்களை இங்குள்ள அலுவலகங்கள் மிகுந்த மரியாதையோடு பெற்று, மொழிபெயர்க்கச் சொல்லி, முத்திரை கேட்டு, அம்முத்திரைக்கு வேறொரு முத்திரை கேட்டு, இறுதியில் அதே மரியாதையோடு திருப்பித் தந்தன. பிறகு நான் பார்த்த வேலைகள் நேர்மையானவை. அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பாடசாலையில் வார இறுதிகளில் கற்பித்தேன். இப்போது அதன் பரீட்சைக் குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன்.

ஞாயிறுதோறும் குலேந்திரன் தொலைபேசியில் அழைப்பார். முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அத்தான், எட்டாமடி வந்திற்றா?" ஊரில் ஷெல் விழுந்த வாரங்களில், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை இருவரும் மாறி மாறிச் சொல்லி முடித்தபின் அதைக் கேட்பார். நான் சினந்து பதில் சொல்வேன். அவர் அதற்கு ஒரு பதில் சொல்வார். அழைப்பு முடிந்ததும் மனைவி, "இனி ரெண்டு பேரும் சாப்பிடுவீங்க" என்பார்.

இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய இடங்களில் நடந்த உறவினர் திருமணங்கள் அனைத்திலும் குலேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்நகரங்களில் எனக்குப் பெயர் இல்லை. எண் மட்டுமே உண்டு. ஆனால் அவர் பேர்கனுக்கு ஒருபோதும் வந்ததில்லை. இங்கு நான் மாஸ்டர். பரீட்சைக்கு ஐந்து நிமிடம் பிந்திய பிள்ளையின் தகப்பன்கூட என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார்.

இந்த நிலையில்தான் எங்கள் நாற்பதாவது திருமண நாள் வந்தது. மனைவி தம் தம்பியை அழைத்துவிட்டார். அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் எல்லோரையும் நான் ஏற்கெனவே அழைத்திருந்தேன்.

மண்டபம் பதிவுசெய்ய நகரசபைக்குப் போனேன். உரைகள் உண்டா என்று அலுவலர் கேட்டார். உண்டு என்றேன். எவ்வளவு நேரம் என்றார். என் மச்சான் பேசுவதால் அதை அறுதியிட்டுக் கூற இயலாது என்று அரசரின் மொழியில் விளக்கினேன். அப்படிக் குறிக்க இதில் இடமில்லை என்றார். மச்சானைத் தடுக்க நகரசபையில் ஏதேனும் விதி உண்டா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் உண்மையாகவே தேடிப் பார்த்தார். இந்நாட்டில் எனக்குப் பிடித்தது இந்தக் குணம். விதி இல்லை.

5

விழாவுக்கான என் கோட்டைப் பார்க்க வந்த கயல்விழி அலமாரியைத் திறந்து கொக்கை எடுத்தாள். முழுக் கதையையும் அவளிடம் முதன்முறையாகச் சொன்னேன். அவள் எங்களூரைப் பற்றிப் பொதுவாக அதிகம் கேட்பதில்லை. நான் சொல்லத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்தில் அவள் கண் கைத்தொலைபேசிக்குப் போய்விடும். அன்று போகவில்லை.

"அப்ப, ஒரு பாட்டுக்கு நீங்க இவ்வளவு வருசம் பயந்திருக்கிறீங்க."

"பாட்டுக்கில்ல, புள்ள. எட்டாமடிக்கு."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஓர் இசைத்தட்டு இயக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "நான் கேக்க மாட்டன். நீங்க தனியக் கேளுங்க. நல்லா இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கௌரவத்தை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொள்பவளை விலகிப்போகும் தலைமுறை என்று நான் பலமுறை பேசியிருப்பது நினைவுக்கு வந்தது.

மனைவி கடைக்குப் போயிருந்த காலை நேரம். வெளியே மழை, பேர்கனில் பன்னிரண்டு மாதமும் மாரிதான். ஊசியை வைத்தேன். கட்டியகாரனின் மணியோசை கேட்டது. ராசா வந்தார், என் நினைவில் இருந்ததை விட இளமையாக, விறுவிறுப்பாக வந்தார். ராசகுமாரி வந்து போனாள். என் கை மேசையில் தட்டத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஒன்று.

மீண்டும் ஊசியைப் பின்னால் வைத்தேன். ஏழு, ஒன்று. கவிழ்ந்த சைக்கிள் எங்கும் இல்லை. சுவரிலிருந்து வரும் குற்றமற்ற மின்சாரம் மட்டுமே இருந்தது. நான் எழுந்து, கூடத்தின் கம்பளத்தில் அணிநடை பயின்றேன். முதற் சுற்று இடக்காலில் தொடங்கியது. இரண்டாவது வலக்காலில் தொடங்கியது. ஏழேழாக எண்ணப்படும் இசைக்கு எவராலும் ஒழுங்காக நடக்க இயலாது. அக்குழு அதை அப்படியே இயற்றியிருந்தது. அது அவர்கள் பாணி.

மேலே கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஊசியை எடுத்து, கோட்டின் தூசியைத் தட்டினேன்.

6

விழா நண்பகலில் நடந்தது. குலேந்திரன் தலைமுடியை முழுதும் இழந்து, குரலைச் சற்றும் இழக்காமல் வந்திருந்தார். சோற்றுக்கு முன்பாக ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இங்க இவர மாஸ்டர் மாஸ்டர் எண்டு கூப்பிடுறீங்களாம்" என்று தொடங்கினார். "எங்கட ஊரில வேற பேர் இரிக்கு. சொல்லட்டா அத்தான்?"

"சொல்லுங்க மச்சான்" என்றேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

கதையை முழுமையாகச் சொன்னார். சைக்கிள், நாடா, மாடு எதுவும் தப்பவில்லை. பரீட்சைக்குப் பிந்திய பிள்ளையின் தகப்பன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தார். அது இத்தனை ஆண்டுகளில் எத்தனையாவது தடவை என்று நான் எண்ணவில்லை. கதை முடிந்ததும் நான் எழுந்து, கோட்டின் பொத்தான்களைப் பூட்டி, மகளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் இசைத்தட்டைப் போட்டாள்.

"சபையோரே" என்றேன். "இப்போது முரசு புகும். எல்லோரும் எட்டுவரை எண்ணிக் கைதட்டுங்கள்."

தட்டினார்கள். ஏழு அடிகள் ஒரே ஒலியாக விழுந்தன. எட்டாவதில் மண்டபம் முழுவதும் சிதறியது. மறுபடி முயன்றார்கள், மறுபடி சிதறியது. தமிழ்ப் பாடசாலையின் மிருதங்க ஆசிரியர் கையை மடியில் வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "ஏழு" என்று அவர் உரக்கச் சொன்னபோது, முப்பது ஆண்டுகளாக என் முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

நான் குலேந்திரனைப் பார்த்தேன். அவர் வியப்படைந்தவராகத் தெரியவில்லை. அவர் விரல்கள் மேசைவிரிப்பில் தட்டிக்கொண்டிருந்தன. ஏழில் முடித்து, தயங்காமல் ஒன்றில் தொடங்கின. ஓரிடத்திலும் பிழைக்கவில்லை. நெடுநாள் பழகிய விரல்கள் அவை.

"எப்ப இருந்து தெரியும்?" என்று அவரருகே அமர்ந்து கேட்டேன்.

"லண்டனுக்கு வந்த முதல் மாதமே. ஒரு கடையில இந்த றெக்கோட் ஓடிச்சு. வாசல்லயே நிண்டு எண்ணிப் பாத்தன்."

"பாத்திற்று?"

"உங்களுக்குக் கோல் எடுத்தன். சொல்லத்தான் எடுத்தன், அத்தான். நீங்க ஹலோ எண்ட உடன, ஊரில ஆரும் செத்திற்றாங்களா எண்டு கேட்டீங்க. குரல் நடுங்கிச்சு. நான் உடன, எட்டாமடி வந்திற்றா எண்டு கேட்டிட்டன். நீங்க நல்லா ஏசினீங்க." அவர் தண்ணீர் குடித்தார். "அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்ற? சொன்னா ஞாயிற்றுக்கிழமையில என்னத்தக் கதைக்கிற, மழையவா?"

நான் கடுமையாக ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் கையை உயர்த்தினார். "பொறுங்க. இப்ப முடிவு வருது. இதையும் கேளுங்க."

இசைத்தட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். ஓர்கன் தனித்து நின்றது. தடித்துத் தாழ்ந்து இழுபடப் போகிறது என்று நான் காத்திருந்தேன். அது இழுபடவில்லை. எழுந்த சுருதியிலேயே நின்று, மிடுக்கோடு, கதவைச் சாத்துவது போல முடிந்தது.

"ராசா?" என்றேன்.

"சாகல்ல" என்றார் குலேந்திரன். "றெக்கோட்டில அப்பிடி ஒண்டு இல்ல. அது உங்கட கை. பக்கம் முடியிற நேரம் உங்களுக்குக் களைச்சிரும். பாட்டு இறங்கி இறங்கிப் போகும். முழு ஊரும் அழுதது அதுக்குத்தான். அதையும் சொல்லோணும் எண்டுதான் இரிந்தது. அதச் சொன்னா ஏழையும் சொல்லோணுமே."

மேதை என்று நான் எத்தனை மாலைகளில் புகழ்ந்தேனோ, அத்தனை மாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வாழ்க்கையில் நான் என்னைப் புகழ்ந்துகொண்டது அவ்வளவுதான், அதுவும் அறியாமல்.

7

மனைவி பொறுத்திருக்கவில்லை. வெல்லாவெளிக்குக் காணொளி அழைப்பு எடுத்தார். தங்கம்மாக்காவின் முகம் திரையில் வந்தது. இப்போது காது சற்று மந்தம், நாக்கு அப்படியே. வாழ்த்துச் சொல்லி முடித்தவரிடம் குலேந்திரன் எல்லாவற்றையும் உரத்துச் சொன்னார்.

"அப்ப எட்டாமடி முதல்லயே இல்லயா?"

"இல்ல அக்கா."

"பாவம் மாஸ்டர்" என்றார் தங்கம்மாக்கா. பிறகு, "அப்ப ராசா?" என்றார்.

"ராசா சாகல்ல அக்கா. இவங்கட றெக்கோட்டில சும்மா நிண்டிர்றார்."

தங்கம்மாக்கா சேலைத்தலைப்பை இழுத்துச் செருகினார். "அவனுகளுக்குக் கூத்து முடிக்கத் தெரியா" என்றார். "மாஸ்டர், நீங்க ஒருக்கா நம்மட மாதிரிப் போட்டுக் காட்டுங்க."

"இங்க சைக்கிள் இல்ல, தங்கம்மாக்கா. கறண்டிலதான் ஓடுது."

"கறண்டுக்குக் களைக்குமா, மாஸ்டர்?" என்றார் அவர்.

மண்டபத்தில் இலைகளின் முன் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசைக்குப் போனேன். கயல்விழி ஊசியை முடிவுக்குச் சற்று முன்பாக வைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியின் அருகே பிடித்தாள். ஓர்கன் தனித்து நின்ற இடத்தில், சுழலும் இசைத்தட்டின் விளிம்பில் என் வலக்கைச் சுட்டுவிரலை வைத்தேன். முதலில் தொடுவது போல. பின்னர் சற்று அழுத்தி. சுருதி தடித்தது. தாழ்ந்தது. இழுபட்டது. எங்கே விடவேண்டும், எங்கே பிடிக்கவேண்டும் என்பதைத் தோள் மறந்திருக்கவில்லை.

"அப்பிடித்தான், அத்தான்" என்று குலேந்திரன் மெதுவாகச் சொன்னார்.

ஒரு நீண்ட மூச்சோடு இசைத்தட்டு என் விரலின் கீழ் நின்றது. பேர்கன் மண்டபத்தில் பரிமாறியவர்கள் கரண்டியோடு நின்றார்கள். தொலைபேசியில், சேலைத்தலைப்பு முகத்தில் உராயும் ஓசை கேட்டது.

"ஓம்" என்றார் தங்கம்மாக்கா. "இப்ப போயிற்றார்."